செவ்விந்தியன் என்று நான் வைத்த பெயர்

கையில் பசை நாற்றம் இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாயிற்று. பஸ் ஸ்டாண்டு சுவரில் உன் அஞ்சலிப் போஸ்டரை நானே நின்று ஒட்டினேன். அச்சகத்துக்காரர், “பட்டப்பேரையும் போட்டுருவோம் அண்ணாச்சி, இல்லைன்னா ஆளு யாருன்னு தெரியாது” என்றார். வேண்டவே வேண்டாம் என்று கத்திவிட்டேன். அந்தப் பேரை உனக்கு வைத்த புண்ணியவான் நான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படித்த காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ராணுவ அதிகாரி ஒருவனின் கதை என்னைக் கிறுக்காக்கி வைத்திருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு அளப்பேன். ராணுவப் பள்ளியில் சேர்ந்தான், லெப்டினன்ட் ஆனான், உள்நாட்டுப் போரில் குண்டடி பட்டும் குதிரையை விட்டு இறங்கவில்லை, கர்னல் ஆனான். பிறகு மேற்கே போய் இந்தியர்களை அடக்கி ஜெனரலும் ஆனான். நீ டம்ளரைக் கீழே வைத்தாய்.

“ஏலே, இந்தியன்னா நம்மாளுவளா? இங்கன வந்தா சுட்டான்?”

கடையே சிரித்தது. அவர்கள் செவ்விந்தியர்கள், காலங்காலமாக அமெரிக்காவிலேயே இருந்தவர்கள் என்று விளக்கினேன். நீ சிரிக்கவில்லை.

“அப்போ சொந்த மண்ணுல இருந்தவனைத்தானே சுட்டிருக்கான்? அதுக்கா ஜெனரலாக்குனாவ?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “பாருங்கடே, செவ்விந்தியன் கோவப்படுதான்!” என்றேன். மறுபடி ஒரு சிரிப்பு. நான் தப்பித்துக்கொண்டேன்.

நீ சைக்கிள் கடை வைத்தாய். அது செவ்விந்தியன் கடை ஆனது. உன் மகன் ‘செவ்விந்தியன் மவன்’ ஆகி, பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தான். அன்றைக்கு மட்டும் என்னிடம் கேட்டாய்: “மக்கா, நீயாவது பேரைச் சொல்லிக் கூப்பிடேன்.” சரி சரி என்றேன். மறுநாளே பழைய பேர்தான் வாயில் வந்தது. சீ, என்ன மனுஷன் நான்!

இன்று போஸ்டர் முன்னால் பக்கத்து ஊர் பனவடலிசத்திரத்துக்காரர் ஒருவர் நின்றார். போட்டோ உன் கல்யாணத்தின்போது எடுத்த பழைய படம். “யாருவே இது?” என்றார். உன் பேரைச் சொன்னேன். “தெரியலையே” என்று பஸ்ஸைப் பார்க்க நடந்தார். சாயங்காலம் உன்னை எடுக்க வேண்டும், வீட்டு முன்னால் ஆளே இல்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

“நம்ம செவ்விந்தியன், வே.”

“அய்யோ, அவனா!” அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்தப் பேர் வாய்க்கு வாய் பரவி ஊரே வந்தது. அதைச் சொல்லியே அழுதது.

நான் மட்டும் உன் பேரைச் சொல்லி அழுதேன். அன்று டீக்கடையில் நீ கேட்டாயே, அதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லையடா. தெரியவில்லை.