டிரைவர் பக்கத்துச் சக்கரம்

அன்பு மகனுக்கு,

நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்த சக்கரம் உன் அப்பாவைக் கொல்லப் பார்க்கிறது. முதல் வரியிலேயே அம்மா இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதே, நலம் விசாரித்துவிட்டு நிதானமாக அங்கே வரலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை கேட்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் விட்டதா. இங்கே நானும் உன் தங்கையும் நலம், அப்பாவும் இந்த நிமிடம் வரை நலம், அதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது. போனில் கூப்பிட்டால் கஸ்டமர் நிக்கறாங்கம்மா என்று வைத்துவிடுகிறாய். பேசிப் பதிந்து அனுப்பினால் நான் அழுவதுதான் உனக்குக் கேட்கும், சொல்வது கேட்காது. அதனால் எழுதுகிறேன். தங்கை இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவாள், பாதியில் மூடிவிடாமல் கடைசி வரை படி.

அப்பா ஓட்டுகிற முதலாளி புதுக் கார் வாங்கியதும், இவ்வளவு பணம் போட்டும் பாக்கறதுக்கு சாதாரணமா இருக்கேப்பா என்று குறைப்பட்டுக்கொண்டார். உன் அப்பா சும்மா இருந்திருக்கலாம். என் பையன் சக்கரம் விக்கிற ஷோரூம்லதான் இருக்கான் சார், உங்க வார்த்தையில கிடைச்ச வேலைதானே என்று பெருமையாக வாயைக் கொடுத்தார். நீயும் கம்ப்யூட்டரில் அந்த வண்டியை நிறுத்தி, இருந்த சக்கரத்தைக் கழற்றிப் பெரிய பெரிய சக்கரமாக மாட்டிக் காட்டி, இருக்கிறதிலேயே பெரியதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாய். திரையில் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது மகனே. அதில் ஐந்து பேரை ஏற்றிப் பார்த்தாயா, பின்னால் பெட்டிகளை அடுக்கிப் பார்த்தாயா, நம் ஊர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தாயா. அழகாக இருக்கிறது என்று நீ சொன்னாய், முதலாளியும் சொன்னார், உன் பையன் கில்லாடிப்பா என்று அப்பா தோளில் தட்டினார். அன்றைக்கு உன் அப்பா வீட்டுக்குள் நுழைந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும், வாசற்படி அவர் காலுக்குத் தட்டுப்படவே இல்லை. கழற்றிய பழைய சக்கரங்களை நீயே வச்சுக்கோ என்று கொடுத்துவிட்டார்கள். அதை விற்க மனம் வராமல் நம் ஒற்றை அறையில் சுவரோரம் அடுக்கி மேலே பலகை போட்டிருக்கிறார், உன் தங்கை அதன் மேல் புத்தகத்தை விரித்துப் படிக்கிறாள், அவள் கையெல்லாம் ரப்பர் வாடை.

முதலில் வந்தது அபராதம். கேமராவில் வண்டி வேகமாகப் போனதாகப் படம் வந்தது. அப்பா வேகம் காட்டுகிற முள்ளைப் பார்த்துத்தான் ஓட்டினேன் என்று சத்தியம் செய்தார், யார் கேட்டார்கள். உனக்குக் கண்ணு தெரியலையா, வயசாச்சுன்னா சொல்லிடு, வேற ஆள் பாத்துக்கறேன் என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்டிருக்கிறார் அந்த மனுஷன். கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வண்டியைப் பரிசோதிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை பார், அது விலை உயர்ந்தது, அது பொய் சொல்லாது, டிரைவர்தான் பொய் சொல்லுவான். பஞ்சர் கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார், சக்கரம் ஒட்டுமொத்தமாப் பெருசாயிடுச்சுண்ணே, ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி கூடுதலாப் போகுது, அது முள்ளுக்கு எப்படித் தெரியும் என்றாராம். அன்றிலிருந்து உன் அப்பா முள்ளை நம்பாமல் பக்கத்தில் போகிற வண்டிகளைப் பார்த்து வேகத்தை ஊகித்து ஓட்டுகிறார். வண்டியில் ஆள் நிறைந்து ஒரு திருப்பம் வந்தால் சக்கரம் மேலே இருக்கிற தகட்டில் உரசிக் கர்ரென்று அறுக்கிறது. என்னப்பா சத்தம் என்று கேட்டால் ரோட்டுல கல்லு சார் என்கிறார்.

இது கூடப் பரவாயில்லை. போன வாரம் வண்டியைக் கழுவ நம் தெருவுக்குக் கொண்டு வந்திருந்தார், நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு கூட நின்றேன். பின்பக்கம், முதலாளி ஏறுகிற கதவுக்குக் கீழே இருக்கிற டயரைத் துடைக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அக்குளில் கட்டி தட்டுப்பட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. என்னங்க இது என்றேன். கையை எடு என்றார். பள்ளத்தில் இறங்கியபோது டயருக்குள் நரம்பு மாதிரி ஓடுகிற இழை அறுந்திருக்கிறது, ரிம் பெரிது, ரப்பர் ஒல்லி, தாங்க அதற்கு இடமே இல்லை. எத்தனை நாள் வரும் என்று பஞ்சர் கடைக்காரரைக் கேட்டேன். அண்ணி, என்னைக் கேக்காதீங்க, இதோட வண்டிய எடுக்கறதே தப்பு என்று மட்டும் சொன்னார்.

இதற்கு உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா. ஜாக்கியைப் போட்டு அந்தச் சக்கரத்தைக் கழற்றி முன்னால் தன் பக்கத்தில் மாட்டிக்கொண்டார், அங்கே இருந்ததை முதலாளி பக்கம் மாட்டினார். என் பக்கத்துக்கு அவரு வரவே மாட்டாருடி, பாக்க மாட்டாரு, வெடிச்சாலும் எனக்குக் கீழதானே வெடிக்கும் என்று ஏதோ நியாயம் செய்துவிட்டவர் மாதிரி கையைக் கழுவினார். முன் சக்கரம் வெடித்தால் ஸ்டீயரிங் யார் கையில் நிற்கும். அது இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய அவருக்குத் தெரியாதா. தெரியும். வீட்டில் இருக்கிற பழைய சக்கரத்தையே மாட்டுங்க என்றால், நாலையும் மாத்தினா அவரு கண்ணுல பட்டுடும், காரணம் சொல்லணும், சொன்னா பையன் பேரு கெட்டுடும், அவன் முதலாளியும் இவரும் சிநேகிதங்க, ஒரு போன் போட்டா அவன் வேலை போயிடும் என்கிறார். அவன் எடுத்துக் கொடுத்ததுல தப்பு வந்துச்சுன்னு என் வாயால சொல்ல மாட்டேன் என்று பிடிவாதம். கட்டியைத் தங்கை படமெடுத்து உனக்கு அனுப்பினாள். நீ பார்த்துவிட்டாய் என்று காட்டுகிறது. பதில் இல்லை, அன்று சாயங்காலமே உன் புதுச் செருப்பைப் படம் போட்டிருந்தாய்.

நான் சும்மா இருக்கவில்லை. முதலாளி வீட்டுக்குப் போய்ச் சமையலறை வாசலில் நின்று அவர் மனைவியிடம் வண்டியில் ஏதோ சத்தம் வருதாமே என்று மெல்ல ஆரம்பித்தேன். கட்டியைச் சொன்னால் உன் பெயர் வரும், அதனால் சத்தத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதெல்லாம் உங்க வீட்டுக்காரர் பாத்துக்கற வேலைதானே, அதுக்குத்தானே சம்பளம் என்றார் அவர். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, பழம் நறுக்கிக்கொண்டே சொன்னார். வெள்ளிக்கிழமை மலைக்குக் குடும்பத்தோடு போகிறார்களாம், மகள், பேரன், எல்லாரும். இடிச்சா விரியற காத்துப் பை எத்தனை வண்டியில இருக்கு தெரியுமா, பயமே இல்ல என்று எனக்கு ஆறுதல் வேறு. அவர்களுக்கு வண்டி நொறுங்கினால் இன்சூரன்ஸ் இருக்கிறது. உன் அப்பாவுக்கு ஏதாவது ஆனால் டிரைவர் தூங்கிட்டான் என்று எழுதுவார்கள், கண் பரிசோதனைக்கு அனுப்பினோமே, அப்பவே சந்தேகம் என்று சேர்த்துச் சொல்வார்கள். எனக்கு அது இப்போதே காதில் கேட்கிறது. அந்தப் பேரக் குழந்தை முன்சீட்டில் உன் அப்பா பக்கத்தில் உட்காருவேன் என்று அடம் பிடிக்கிற குழந்தை.

உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். வேலை இப்போதுதான் நிரந்தரமானது, வாடகை, கடன், எல்லாம் தெரியும். வேலை போனால் வீட்டுக்கு வா, படுக்கப் பாயும் சாப்பாடும் இருக்கிறது. நீ சின்ன வயதிலிருந்தே தப்பு செய்தால் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொள்வாய், காய்ச்சல் என்பாய். இப்போது போனுக்குள் போய்ப் படுத்திருக்கிறாய். எழுந்து வா. சளிக்கு மருந்து வாங்கிக்கொள், தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே, நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. உன் அப்பாவும் அதே வேண்டுதலைத்தான் தன் சீட்டுக்குக் கீழே மாட்டி வைத்திருக்கிறார், அதுதான் எனக்கு ஆத்திரம்.

எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

உன் அம்மா

இதை மடிக்கும்போதே முதலாளி வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை இல்லையாம், நாளைக் காலையே கிளம்புகிறார்களாம். அப்பா வெள்ளைச் சட்டையைத் தேய்த்துத் தரச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். நான் தப்பான அளவைக் கொடுத்துவிட்டேன், இந்தச் சக்கரத்தோடு வண்டியை எடுக்காதீர்கள் என்று நீயே முதலாளியிடம் சொல், இப்போதே கூப்பிடு, கூப்பிட்டுவிட்டு எனக்கு ஒரு வார்த்தை போடு.