ரூபினியின் படமும் இன்னொரு ரூபினியின் வழக்கும்

பெர்மாஸ் ஜெயா,
ஞாயிறு

அன்புள்ள ஜெயபாலன் அண்ணனுக்கு,

நானும் ரூபினியும் நலம். பினாங்கில் அண்ணிக்கு முட்டிவலி குறைந்ததா? லோஷினிக்குக் கல்யாணப் புடவை எடுத்தாயிற்றாமே, சந்தோஷம். குடும்பக் குழுவில் போட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

ரூபினி விஷயம் தீர்ந்தது, அண்ணா. தேடுபொறியில் அவள் பெயரைத் தட்டினால், பிள்ளையை அடித்துக் கைதான ஆசிரியை என்று அவள் படத்தோடு வந்ததே, அதை எடுத்துவிட்டார்கள். கைதானது எங்கள் மாநிலத்து ஆயர் ஈத்தாமில் இருக்கும் இன்னொரு ரூபினி. அந்தச் செய்திக்கு நம் பாலர் பள்ளியின் இணையப் பக்கத்திலிருந்து இவள் படத்தை எடுத்து ஒட்டியிருக்கிறது தேடுபொறி. அதை நம்பிப் பாதிப் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் படத்தை நாமே வெளியிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார் வக்கீல் ஷர்மினி. நான் உடனே தலையாட்டினேன். இவள் முடியவே முடியாது என்றுவிட்டாள். காரை எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாமுக்கே போய் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இப்போது பூச்சட்டிக் கடையில் வேலையாம். குற்றமில்லை என்று விடுதலையாகி நாளாயிற்று. தேடினால் கைதான செய்திதான் இன்னும் வருகிறது.

இவள் தேடுபொறி நிறுவனத்துக்கு இருவர் சார்பிலும் சேர்த்தே புகார் எழுதினாள். மற்றவர்கள் எழுதியதைக் காட்டுகிறோம், நாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. யார் எழுதினால் என்ன, அதில் என் படத்தை ஒட்டியது நீங்கள்தானே என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்வியை விடவே இல்லை. வக்கீல் நோட்டீஸ் போனபிறகு தவறை ஒப்புக்கொண்டு இரண்டையும் திருத்தினார்கள். உங்கள் தம்பி பெண்டாட்டிக்கு இருக்கும் நெஞ்சுரத்தில் பாதிகூட உங்கள் தம்பிக்கு இல்லை. அவ்வளவு பெருமையாக இருக்கிறது எனக்கு.

பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். மன்னிப்புக் கேட்டு வாசலில் அழுத ஒரு தாய்க்கு இவளே தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

அண்ணா, சம்பந்தி வீட்டார் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டார்கள், லோஷினி கல்யாணத்துக்கு ரூபினி வராமல் இருந்தால் நல்லது என்று அன்று சொன்னீர்கள். பெண்ணைப் பெற்றவர் பயப்படத்தானே செய்வார் என்று உங்களுக்காக இவளே என்னிடம் பேசினாள். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் நீங்களா என்று பார்க்கிறாள்.

அந்த நிறுவனத்துக்கு இவள் யாரென்று தெரியாது. உங்கள் மகளுக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தவள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு வேண்டாம் அண்ணா, அவளுக்கு ஒரு போன் போடுங்கள்.

லோஷினி நீடு வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

அன்புத் தம்பி,
அர்ச்சுனன்