இருபத்தாறாவது புத்தகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். கிளட்ச் மிதிக்கும் காலில் வலி குறைந்ததா? லோடு இறக்கிச் சங்ககிரிக்கு வந்ததும் காலை நீட்டிப் படுங்கள்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. மொத்தக் கடையில் நேராக வாங்கினால் மலிவு என்று, வகுப்பில் மற்ற இருபத்தைந்து பேருக்கும் மெக்கானிக்கல் புத்தகம் நான்தான் வாங்கி வந்தேன். இருபத்தைந்துக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தார்கள். யாரிடமும் சொல்லாமல் அதை எனக்கு வைத்துக்கொண்டேன். புத்தகத்துக்கென்று நீங்கள் அனுப்பிய பணத்தில் ஷூ வாங்கினேன்.

நேற்று என் வகுப்பில் படிக்கும் நம் புதுச்சத்திரத்து ரஞ்சிதா, தன்னுடையதைக் கொண்டுவர மறந்து, என் புத்தகத்தை இரவல் வாங்கிப் பிரித்தாள். உள்ளே ‘இலவசப் பிரதி’ என்று கடைக்காரரின் சீல்.

“ஏனுங்க பூபதி, இது எல்லாத்துக்கும் பொதுவா வந்ததில்லீங்களா?” என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

இன்று எல்லோரிடமும் சொல்லி, புத்தகத்தை வகுப்பு அலமாரியில் வைத்துவிட்டேன். யாரும் திட்டவில்லை. மெஸ்ஸில்தான் தனியாக உட்காருகிறேன். அம்மாவிடம் பருப்புப்பொடி கொடுத்துவிடச் சொல்லுங்கள். சென்னை லோடு கிடைத்தால் நீங்களே கொண்டு வாருங்கள்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. ஒன்று மட்டும். அந்தப் புத்தகத்தில் ‘கா. பூபதி’ என்று எழுதியிருந்தேன். அலமாரியில் வைக்கும் முன் பிளேடால் சுரண்டினேன். முதலில் ‘கா’ என்ற உங்கள் பெயரின் எழுத்தைத்தான் எடுத்தேன்.

பூபதி