உன் கட்டிலில் நான் உட்கார்ந்த கதை

அன்பு மகள் செய்னபுவுக்கு, கவ்லாக்கிலிருந்து உன் அம்மா கும்பா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி நல்ல சுகமாக இருக்கிறது, சின்னம்மா பினெத்தாவின் வாய் அதைவிடச் சுகம், ஆடுகளும் சுகம். உன் சுகத்தைத்தான் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, உன் புருஷனின் இரண்டாம் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து உன் போன் செத்துக் கிடக்கிறது. அதனால்தான் நீ வேலை பார்க்கிற குளிர் நாட்டு பெர்காமோவுக்குப் போகிற தையல்காரர் மகன் லமீனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஓதுகிற பள்ளியில் படித்த எழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நான் நடுவில் சிரிப்பேன், கதை போய்ச் சேராது.

கல்யாணச் சேதியை யார் வாயாலோ கேட்டுவிட்டுக் கடைசியாகப் பேசியபோது நீ என்ன சொன்னாய்? “அம்மா, நான்தான் மூத்தாள், நான் அங்கே இல்லை, எனக்குப் பதிலா நீ போய் அவளைப் பாடு, அவ தலை நிமிரவே கூடாது” என்றாய். சரி என்று சக்களத்திப் பாட்டுக்கு நம் தெருப் பெண்கள் எல்லோரையும் திரட்டிக்கொண்டு மாப்பிள்ளை மோமார் வீட்டுக்குப் போனேன். பினெத்தாவும் சுரைக்குடுவையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு வந்தாள். புதுப்பெண்ணின் பெயர் ரொகாயா, முக்காடு போட்டு முற்றத்தில் உட்கார வைத்திருந்தார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியாதா, எவ்வளவு வைதாலும் அவள் அழவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எடுத்துவிட்டேன். “வாடி வாடி வெங்காயச் சருகே, ஊதினா பறக்குற உடம்போட வந்தியே, எங்க மூத்தா உக்காந்த எடத்துல நீ உக்காந்தா, பாயே உன்னைத் தேடுமேடி!” பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பினெத்தா மட்டும் என் காதில், “அக்கா, நான் சக்களத்தியா வந்தப்ப என்னைப் பாடினதுல பாதிகூட இல்லையே இது” என்று குத்தினாள். உடனே ரோஷம் வந்து, “மீன் வாங்கப் போனானாம் எங்க மாப்பிள்ளை, மலிவா இருக்குன்னு கருவாட்டைத் தூக்கிட்டு வந்தானாம்!” என்றேன். முக்காடு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன், மகளே, அவள் சிரிக்கிறாள். என் பாட்டுக்குச் சிரிக்கிறவர்களிடம் எனக்கு மனசு இளகிவிடும் என்பது உனக்குத் தெரியும், உன் அப்பாவை நான் கட்டிக்கொண்டதே அப்படித்தான்.

ஆனால் அவள் வீட்டுப் பெண்கள் சும்மா இருப்பார்களா. அதில் பல் நீண்ட ஒருத்தி எழுந்து, “கருவாடு கெட்டுப் போகாதுடி, உங்க மீன்தான் ஊர் விட்டு ஊர் போயி ஐஸ்ல கெடக்கு!” என்றாள். இதை உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன், எப்படியும் எவளாவது உனக்குச் சொல்லத்தான் போகிறாள், என் வாயாலேயே கேட்டுக்கொள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் அந்தக் குளிரில் யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டு நீ நிற்பதுதான் கண்ணுக்குள் வந்தது.

பாட்டு முடிந்ததும் சம்பந்தி அம்மாள், பெண்ணை உள்ளே கூட்டிப் போங்கள் என்றாள். எந்த அறைக்கு என்று பார்த்தால், உன் அறைக்கு! “காலியாத்தானே கெடக்கு, மழை முடிஞ்சதும் புது அறை கட்டிடுவான், அதுவரைக்கும்தானே” என்கிறாள், ஏதோ இரவல் உலக்கை கேட்பது போல. எத்தனை பெண்டாட்டி கட்டினாலும் ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு கட்டில் என்பதுதானே இந்த ஊரில் நமக்கு இருக்கிற ஒரே மானம்? நேராக உள்ளே போய் உன் கட்டிலின் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். என் உடம்பு உனக்குத் தெரியும், நானாக எழுந்தால்தான் உண்டு. மோமார் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். “மாமி, கொஞ்சம் எழுந்திரிங்க, ஊர் பாக்குது” என்றான். “பாக்கட்டும், பாக்கத்தானே கூப்பிட்டிருக்கீங்க. இது என் மக ஊரு பொண்ணுங்களுக்கெல்லாம் தலை பின்னிப் பின்னி வாங்கின கட்டில். கல்யாணத்தை அவகிட்ட சொன்னியாடா நீ?” என்றேன். “சொல்லலாம்னுதான் இருந்தேன் மாமி” என்றான். “எப்போ, புள்ள பொறந்து பேர் வைக்கிறப்பவா?” என்றேன். அப்புறம் சம்பந்தி அம்மாள் என்னை வைதது எல்லாம் எழுதினால் தாள் போதாது. “புதுப்பொண்ணைத்தானே பாடணும், மாப்பிள்ளையைப் பாட எந்த ஊருல கத்துக்கிட்டே?” என்றாள். “இந்த ஊருலதான், இப்பத்தான்” என்றேன்.

அப்போதுதான் அந்தப் பெண் ரொகாயா எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள். முக்காட்டை அவளே விலக்கினாள், கூட வந்த கிழவிகள் ஐயோ ஐயோ என்று இழுத்தார்கள். முப்பது வயது இருக்கும், முதல் புருஷனைப் பறிகொடுத்தவளாம், எனக்கு அப்போதுதான் தெரியும். “அம்மா, என் புருஷன் மவுத்தான மறு மாசமே என் கட்டில்ல வேற ஒருத்தியைப் படுக்க வச்சாங்க. நான் இதுல படுக்க மாட்டேன். எனக்குன்னு அறை வரட்டும், அப்புறம் வரேன்” என்றாள். சொல்லிவிட்டு வந்த வண்டியிலேயே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணச் சோறு தின்றோம், கல்யாணப் பெண் மட்டும் இல்லை. மோமார் இப்போது வெயிலில் நின்று செங்கல் அடுக்குகிறான், நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கோணலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

அவள் நல்லவள் என்று எழுதுவதால் நீ பொறுத்துப்போக வேண்டும் என்று சொல்கிறேன் என எண்ணாதே. நல்லவளானாலும் சக்களத்தி சக்களத்திதான், எனக்குத் தெரியாதா, ஒருத்தி இதோ பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறாள். நானும் பினெத்தாவும் இத்தனை வருஷம் சிரித்துக் கழித்தோம், அவள் இல்லாவிட்டால் உன் தம்பி பிறந்தபோது நான் பிழைத்திருக்க மாட்டேன். இருந்தாலும் அப்பா முதல்முறை அவள் அறைப் பக்கம் போனபோது, நான் முற்றத்தில் உட்கார்ந்து, ஊறவே வைக்காத கம்பை இடித்துக்கொண்டிருந்தேன். நீ குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்கிற அந்த லூச்சியா அம்மாள், எங்கள் நாட்டில் இது குற்றம், ஒருத்தனுக்கு ஒருத்திதான் என்று சொன்னாளாமே. சொல்லட்டும். அவள் புருஷன் அடுத்த தெருவில் இன்னொருத்தியை வைத்திருந்ததை இருபது வருஷம் தெரியாத மாதிரி இருந்தேன் என்றும் அவள்தானே உன்னிடம் சொன்னாள்? அங்கே மூடி வைக்கிறார்கள், இங்கே கொட்டடித்துக் கூட்டி வருகிறோம், எதில் வலி குறைச்சல் என்று எனக்குத் தெரியவில்லை மகளே. இமாமிடம் போய்க் கேட்டேன். சரிசமமாக வைக்க முடியாதவன் ஒருத்தியோடு நிற்க வேண்டும் என்றார், உன் மகள் விலகுவதாக இருந்தாலும் அதற்கும் மார்க்கத்தில் வழி உண்டு என்றார். அப்பா, பொறுத்துக்கொள்ளச் சொல்லி எழுது என்கிறார். அவருக்கு அது வேண்டுமானால் அவரே எழுதட்டும் என்று சொல்லிவிட்டேன்.

குல்லா போடாமல் வெளியே போகாதே, சூடாகச் சாப்பிடு, லமீனிடம் வறுத்த கடலையும் கம்புமாவும் வைத்திருக்கிறேன், பாதியை வழியில் அவன் தின்றுவிடுவான், மீதியைச் சண்டை போட்டு வாங்கிக்கொள். போனைத் திற, பேசாவிட்டாலும் பரவாயில்லை, மணி அடிக்கட்டும். அன்று உன் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வந்தேன், அதை இந்தத் தாளுக்குள் மடித்து வைத்திருக்கிறேன், பத்திரம். நீ வந்து அந்தக் கதவைத் திறந்தாலும் சரி, கட்டிலை நம் வீட்டுக்குக் கொண்டுவா அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னாலும் சரி. குதிரை வண்டிக்கார சம்பாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன், கழற்றாமலே ஏறுமாம்.

அல்லாஹ் உன் கால் வைக்கிற இடத்தையெல்லாம் உனக்கு லேசாக்கி, உன்னைக் கண்ணாரக் காண எனக்கு ஆயுளைத் தரட்டும்.

உன்னைப் பெற்றவள்,
கும்பா
(சின்னம்மா பினெத்தாவும் ஸலாம் சொல்கிறாள், பாட்டு சுமார்தான் என்று எழுதச் சொல்கிறாள்.)