பள்ளிக்கூடச் சாலையில் ஓட்டியது நான் அல்ல

அன்பு மகனுக்கு,

இறையருளால் இந்த வீட்டில் இருவரும் உண்டு உடுத்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடியின்றி வாழ வேண்டும் என்று இன்று காலையும் வேண்டிக்கொண்டேன். கோபத்தோடுதான் வேண்டிக்கொண்டேன், ஆயினும் வேண்டிக்கொண்டேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதாகத் தெரிகிறது. சில நாளாக நான் அவரோடு பேசுவதில்லை ஆகையால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டு எழுத இயலவில்லை. தொலைபேசியிலேயே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "ம்மா, ம்மா, ஒரு நிமிஷம் கேளு" என்று குறுக்கே வருவாய், நானும் மனம் இளகி நிறுத்திவிடுவேன். கடிதத்துக்குள் நீ குறுக்கே வர முடியாது. உட்கார்ந்து கடைசி வரி வரை படி.

நீ விடுப்பு முடிந்து புறப்பட்டுப் போன பிறகு போக்குவரத்துத் துறையிலிருந்து என் பெயருக்கு ஓர் அறிவிப்பு வந்தது. கார் என் பெயரில் இருக்கிறதல்லவா. பள்ளிக்கூடச் சாலையில், வேகம் முப்பதைத் தாண்டக் கூடாத இடத்தில், நம் கார் நாற்பதில் போனதைக் கேமரா பிடித்துவிட்டது, ஓட்டியவர் யார் என்று எழுதி அனுப்புக என்று அதில் இருந்ததாம். இருந்ததாம் என்றுதான் எழுத முடியும். கண்ணில் புரை எடுத்த பின் எனக்குத் தூரத்துப் பார்வை தெளிவு, பொடி எழுத்து மட்டும் மசமசவென்று தெரிகிறது, புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை, அதனால் தபாலெல்லாம் உன் அப்பா படித்துச் சொல்ல நான் கேட்பதாகவே இருக்கிறது. அந்தப் பக்கம் நான் போகவே இல்லையே என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீதான் போன, மறந்திருப்ப, வயசாகுதுல்ல, கேமரா பொய் சொல்லுமா?" என்றார். கேமரா பொய் சொல்லவில்லை மகனே. அது ஒன்றுதான் இந்த விவகாரத்தில் பொய் சொல்லாமல் இருந்தது. அன்று இரவே நீயும் பேசினாய். "அம்மா, நான் வந்திருந்தப்பகூட அடுப்பை அணைக்காம விட்டுட்டியே, ஞாபகம் இல்லையா?" என்று எவ்வளவு கனிவாகக் கேட்டாய்! எந்த அடுப்பு? எனக்கு நினைவில்லை. நடக்காத ஒன்று எப்படி நினைவில் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நினைவில்லை என்பதையே நோய்க்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். உன் அப்பா நீட்டிய இடத்தில் கையொப்பம் இட்டேன்.

அதன் பிறகு நான் பட்ட பாட்டை நீ அறியமாட்டாய். நூற்றுக்கணக்கான பதிகங்களை ஏடு பாராமல் சொல்லுகிற நெஞ்சு இது. எந்த அடி எந்த அடியைப் பின்தொடரும் என்று நினைக்கும் முன்னரே நா எடுத்துக் கொடுக்கும். அந்த நெஞ்சை நம்ப எனக்கு அச்சமாகிவிட்டது. பள்ளிக்கூடச் சாலையில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வந்திருந்தால் என் கையால் ஓர் உயிர் போயிருக்குமே, போனதைக்கூட நான் மறந்திருப்பேனே என்று உறக்கம் கெட்டேன். கார்ச் சாவியை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவரும் வாங்கி வைத்துக்கொண்டார், வெட்கமில்லாமல். நினைவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போனேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார், எல்லாம் சரியாகச் செய்தேன், "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, என்னைவிட நல்லா இருக்கீங்க" என்று சிரித்தார். என் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறார் என்றே எண்ணிக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமைகளில் வழிபாட்டுக் கூடத்தில் பெண்களுக்கு நான் நடத்தும் பதிக வகுப்பை நிறுத்தினேன், பாதியில் அடி மறந்து எல்லார் முன்னும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று. இப்போது தையற்கடைக்காரர் மனைவி நடத்துகிறாள். நல்ல பெண்தான், ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் மூன்றாம் அடியை விழுங்கிவிடுகிறாள், இறைவனும் என்னைப் போலவே பொறுத்துக்கொண்டிருக்கிறான்.

முதல் தவறு என்பதால் லைசென்சில் தண்டப் புள்ளி ஏற்றாமல், பாதுகாப்பாக ஓட்டுவது பற்றிய வகுப்பு ஒன்றில் உட்கார்ந்தால் போதும் என்றார்கள். போனேன். ஒரு மாடிக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், என் வலப்பக்கம் ஒரு பல் டாக்டர், இடப்பக்கம் ரொட்டி வேன் ஓட்டுகிற ஒருவன். அவன் என்னைப் பார்த்து, "என்ன பாட்டியம்மா, நீங்களுமா? ரேஸுக்கா போனீங்க?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, நியாயமான கேலி என்று தலை குனிந்துகொண்டேன். நடத்தியவள் முன்பு பஸ் ஓட்டியவளாம், வெடுக்கென்று பேசினாலும் நல்லவள். "இங்க யாரையும் திட்டக் கூப்பிடலை, ஆனா தூங்கினா திட்டுவேன்" என்றுதான் தொடங்கினாள். முப்பதில் வந்தால் எங்கே நிற்கும், நாற்பதில் வந்தால் எங்கே நிற்கும் என்று தரையில் நாடா ஒட்டிக் காட்டினாள். இரண்டு நாடாவுக்கும் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இதுதான் அந்தப் புள்ளை" என்றாள். பிறகு ஒவ்வொருவரும் தாம் பிடிபட்ட இடத்தைச் சொல்ல வேண்டும் என்றாள். என் முறை வந்தபோது எழுந்து நின்று, நான் செய்தது பெரும்பிழை, ஆனால் செய்தது எனக்கு நினைவில்லை, அது இன்னும் பெரும்பிழை என்றேன். அவள் இரக்கப்பட்டுத் தன் கம்ப்யூட்டரைப் பார்த்து, "பரவாயில்லம்மா, நான் எடுத்துத் தரேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்கூல் விடுற நேரம்" என்றாள், தேதியும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாலை! அந்தத் தேதியில் நீ இங்கேதான் இருந்தாய், நீ இங்கிருந்தபோது வந்த ஒரே வெள்ளி அது. அன்று உன் நண்பனைப் பார்க்கக் காரை எடுத்துக்கொண்டு போனாய். நான் தையற்கடைக்காரர் மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழிபாட்டுக் கூடத்துக்குப் போனேன், வழியில் என் செருப்பு ஒன்று கழன்று விழுந்து அவள் திரும்பிப் போய் எடுத்து வந்தாள், பள்ளி விடும் நேரத்தில் நான் பெண்கள் நடுவே பாடிக்கொண்டிருந்தேன். எது மறந்துவிட்டது எனக்கு? செருப்பு விழுந்த இடம்கூட மறக்கவில்லை. அங்கேயே சொன்னேன், ஓட்டியது நான் அல்ல என்று. அவள் என்னைத் தனியே அழைத்துப் போய், "அப்ப நீங்க இங்க உக்காரவே கூடாதும்மா. ஓட்டினவங்க பேரைத்தான் குடுக்கணும். பொய்யா எழுதிக் குடுத்தா அது தனிக் கேஸு" என்றாள். படியிறங்கும்போது ரொட்டி வேன்காரன் பின்னாலேயே வந்து, "கிண்டல் பண்ணதுக்கு மன்னிச்சிடுங்கம்மா" என்றான். முன்பின் அறியாதவன் கேட்டான்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது உன் அப்பா மறைக்கவில்லை. "அவன் போன வருஷமே இந்தக் கிளாஸுக்குப் போயிட்டானாம், மறுபடி விடமாட்டாங்களாம், இன்னும் புள்ளி ஏறினா லைசென்ஸ் போயிடும், லைசென்ஸ் போனா ஊர் ஊரா மருந்து விக்கிற வேலை போயிடும்னு அழுதான்டி, நான் என்ன பண்ண?" என்றார். உண்மையைச் சொல்லி உதவி கேட்டிருந்தால் நான் ஒப்பியிருக்கமாட்டேன், அது உங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் என்னையே எனக்கு எதிரியாக்கினீர்கள். பொய் சொல்ல மாட்டாதவளைப் பொய் சொல்ல வைக்க, அவளுக்கே அது பொய்யென்று தெரியாமல் செய்வது எத்தகைய சூழ்ச்சி! இத்தனை ஆண்டு மறைநூல் ஓதுகிறேன், பகைவர் செய்த வஞ்சங்கள் எத்தனையோ படித்திருக்கிறேன், பெற்ற பிள்ளை தாயின் நினைவைக் களவாடியதாக எங்கும் படித்ததில்லை. வேலை போனால் போகட்டும். வேறு வேலை கிடைக்கும்வரை உன் குடும்பத்துக்கு இங்கே சோறு உண்டு, மனமுவந்து வடித்துப் போடுவேன். உன் வேலைக்காக நான் சித்தம் கலங்கியவளாக வாழ முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் தாய் மனம் ஒரு வாரம் பொறுத்தது. நீயே கூப்பிட்டுச் சொல்வாய் என்று காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாய், வானிலையைப் பற்றிப் பேசினாய், குழந்தையிடம் கொடுத்தாய். அவள் ஒவ்வோர் எழுத்தாக, உரக்க, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல், "பாட்டி, நான் யாருன்னு தெரியுதா? நான்தான் உன் பேத்தி" என்றாள். ஏனம்மா இப்படிப் பேசுகிறாய் என்றேன். "உனக்கு எல்லாம் மறந்து போகுதாம், பொறுமையா பேசணும்னு அப்பா சொன்னாங்க" என்றாள். உன் அப்பா அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார், சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை நானே காரை எடுத்துக்கொண்டு போக்குவரத்துத் துறை அலுவலகத்துக்குப் போய், கையொப்பம் என்னுடையது, ஓட்டம் என் மகனுடையது, படிக்காமல் ஒப்பமிட்டதற்குரிய தண்டனையை எனக்குத் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்கும் ஓலை வரும். மறுக்காதே, வழக்குரைஞரைத் தேடி ஓடாதே.

இறைவன் உன்னை மெய் பேசும் நாவோடும் பதறாத கையோடும் வாழ வைப்பானாக. பள்ளிக்கூடம் வந்தால் மெதுவாகப் போ. மருமகளிடமும் எதையும் மறைக்காதே. என்னிடம் மன்னிப்புக் கேட்க இப்போது கூப்பிட வேண்டாம், அதற்கு அவசரமில்லை. குழந்தையை அருகில் உட்காரவைத்து, பாட்டிக்கு ஒன்றும் மறக்கவில்லை, அப்பாதான் பொய் சொன்னேன் என்று உன் வாயால் சொல். வரும் ஞாயிறு அவள் என்னோடு எப்போதும் போல் மூச்சுவிடாமல் படபடவென்று பேச வேண்டும்.

இப்படிக்கு,
எல்லாம் நினைவிலிருக்கிற
உன் அம்மா