மேசையின் நான்காவது கால்

இன்று மூன்றாவது பாடவேளையில் வேதியியல் டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக வஜ்ஜிரப் பசை காய்ச்சும் நாற்றம் வந்தது. வராந்தாவில் இரண்டு தச்சர்கள் உடைந்த பெஞ்சுகளைக் கவிழ்த்துப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டது. "எலி செத்துக் கெடக்குட்டீ" என்று பின்னால் யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் மூக்கைப் பொத்தவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்றா கேட்கிறாய்? முதலில் உன்மேல்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து உன்னை ஒரு சாதுப் பெண்ணாக்கிவிட்டார்கள். பள்ளியில் உனக்காக எழுந்து நின்ற அன்று தலைமையாசிரியை "அமைதியே உருவான மாணவி" என்றார். நீயா? உளியால் பென்சில் சீவித் தருகிறேன் என்று வாங்கி, என் புதுப் பென்சிலை நடுவில் உடைத்துவிட்டு, "இப்ப ரெண்டு பென்சிலாச்சுல்லா, சந்தோசப்படு" என்றவள் நீ. அன்று வரிசையில் நின்றுகொண்டிருந்த எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

எனக்கு ஒரு மேசை வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். போன புரட்டாசியில், பத்தாம் வகுப்புக் காலாண்டு விடைத்தாள்களில் வீட்டில் கையெழுத்து வாங்கி வந்த அன்று, என் கணக்குத் தாளில் தவிடு ஒட்டியிருந்ததைப் பார்த்து நீதான் சிரித்தாய். வீட்டில் அரிசிப் பெட்டியின் மூடிமேல் வைத்துத்தான் நான் படிப்பேன், எழுதிப் பார்ப்பேன். பாதிக் கணக்கில் அம்மா வந்து, "எந்திட்டீ, உலை கொதிக்கி" என்பாள். புத்தகத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு நான் எழுந்திருக்க வேண்டும். நீ அதைக் கேட்டுவிட்டு, "நான் செஞ்சு தாரேன் மேசை" என்றாய், ஏதோ பூக் கட்டித் தருகிறவள்போல.

உங்கள் வீட்டுத் தச்சுப் பட்டறை சமையலறைக்கும் மதிலுக்கும் நடுவே தகரம் போட்ட நீளமான இடம். மதிலுக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடும். அதனால் அங்கே யாரும் மெதுவாகப் பேச முடியாது. மாமா, உன் அப்பா, அப்போது ராயகிரியில் ஒரு புதுவீட்டுக்குக் கதவு நிலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். காலை முதல் பஸ்ஸில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். நீ அவரிடம் மேசையைப் பற்றிக் கேட்ட அன்று நானும் இருந்தேன்.

"மீதி பூவரசு கெடக்கு, எடுத்துக்கோ. ஆனா நான் கை வைக்க மாட்டேன். எங்கிட்ட வந்து கேக்கவும் கூடாது" என்றார்.

"சரியா செஞ்சிட்டா?"

"செய்யி பாப்போம்."

"செஞ்சிட்டா என்னப்பா தருவிய?"

"அடுத்து ஜன்னல் வேலை வருது. சட்டம் இழைக்க ஒன்ன விடுதேன். பட்டறையில ஒரு ஆளா நின்னுக்கோ."

அதற்கு முன்பு வரை உனக்குப் பட்டறையில் மரச் சீவல் கூட்டுகிற வேலைதான். மீதியெல்லாம் கூட்டும்போது நீயாகப் பார்த்துப் பழகியது. அன்று உன் முகத்தைப் பார்த்தபோதுதான் இந்த மேசை எனக்கானது இல்லை என்று புரிந்தது. நான் அதற்கு ஒரு சாக்கு. பரவாயில்லை என்றுதான் நினைத்தேன்.

நான் கிராஃப் தாளில் மேசையை வரைந்து கொண்டுவந்தேன். மேலிருந்து ஒரு தோற்றம், பக்கத்திலிருந்து ஒரு தோற்றம், எல்லா அளவும் போட்டு. நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படம் நல்லாருக்குட்டி. காலுக்கு எந்தப் பக்கம் அடின்னு போடலியே?" என்றாய்.

அப்படித்தான் அந்தச் சண்டை ஆரம்பித்தது. உங்கள் பட்டறையில் மரத்தை அறுத்ததும், மரமாக நின்றபோது வேர்ப்பக்கம் இருந்த முனையில் கரியால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். தூணோ நிலையோ மேசைக் காலோ, நிறுத்தும்போது அந்த முனைதான் கீழே வர வேண்டும். நுனிப்பக்கத்தைக் கீழே வைத்தால் மரத்தைத் தலைகீழாக நட்டதுபோல என்பாய். நான் விடுவேனா? உயிருள்ள மரத்தில்தான் தண்ணீர் மேலே ஏறும், அறுத்த கட்டைக்கு மேல் ஏது கீழ் ஏது என்று அறிவியல் புத்தகத்தைத் திறந்தே காட்டினேன்.

"செத்துப்போனா மட்டும் தலை எது கால் எதுன்னு மாறிப்போவுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு நீ இழைப்புளியை எடுத்துக்கொண்டாய். அன்று சாயங்காலம் முழுவதும் நான் எரிச்சலில் இருந்தேன்.

எரிச்சல் அத்தோடு முடியவில்லை. ஒரு காலை இழைக்க நீ நான்கு நாள் எடுத்தாய். மூலைமட்டத்தை வைப்பாய், வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாய், ஒரு கண்ணை மூடுவாய், மறுபடியும் இழைப்பாய். அரையாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தை சமையலறை ஜன்னலில் நின்று கேட்பாள்: "ஏட்டி, ரெண்டு பேரும் மேசை செய்யுதியளா, தேர் செய்யுதியளா? தேருகூட கெளம்புனா என்னைக்காவது நெலைக்கு வந்து சேந்திருது."

"தேர் இழுக்க ஊரே இருக்கும்மா. இங்கன நான் ஒருத்தி. இவ வடத்தத் தொட்டுக் கும்புட்டுட்டு நிக்கா" என்று என்னைக் காட்டினாய்.

அது எனக்குச் சுருக்கென்றது. நானும் ஏதாவது செய்கிறேன் என்று காட்டத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே வந்தேன். நீ தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். நான்கு கால்களும் சுவரில் சாய்ந்து நின்றன, வழுவழுப்பாக, முனையில் மட்டும் கரி அப்பிக்கொண்டு. எனக்கு அழுக்கென்றால் ஆகாது என்று உனக்குத் தெரியும். உப்புத்தாளை எடுத்தேன். நீ இரண்டு குடத்தோடு திரும்புவதற்குள் நான்கு கால்களையும் புத்தகத் தாள்போல் சுத்தமாக்கிவிட்டேன்.

நீ குடத்தை இறக்கவில்லை. இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக நின்றபடி பார்த்தாய்.

"கோடு எங்கட்டி?"

"அழிச்சிட்டேன். நல்லா இல்லையா?"

நீ திட்டவில்லை. திட்டியிருக்கலாம். குடங்களை இறக்கிவிட்டு ஒவ்வொரு காலாக வாசலுக்குக் கொண்டுபோய், மரத்தின் ரேகை ஓடுகிற போக்கைப் பார்த்து, மூன்றுக்கு அடி எது நுனி எது என்று சொல்லிவிட்டாய். நான்காவது வேறு பலகையில் அறுத்தது. அதில் ரேகை நேராக ஓடியதால் அடி எது என்று தெரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாய். துளை அடிக்க வேண்டும், ஒட்ட வேண்டும், பரீட்சைக்கு ஒன்பது நாள்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்த முனைதான். இதுலதான் கோடு இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன்.

எனக்கு ஞாபகம் இல்லை. பார்க்கவே இல்லை. எது வந்தாலும் ஒன்றுதானே, செத்த கட்டைதானே என்று நினைத்தேன். என் புத்தகத்தை நம்பிப் பொய் சொன்னேன். நீ என்னை நம்பினாய்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அதற்குமேல் நீ அந்தக் காலைத் திருப்பிப் பார்க்கவில்லை. மளமளவென்று துளை அடித்தாய். வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றிச் சட்டங்களை இறக்கிக் கயிற்றால் முறுக்கிக் கட்டினாய். இரண்டு நாள் கழித்துக் கயிற்றை அவிழ்த்தபோது மேசை நின்றது. மேலே ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தோம். ஒரு சத்தம் வரவில்லை. அத்தை வந்து பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லையேட்டி, நெலைக்கு வந்துட்டே" என்றாள்.

அன்று மாமா வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். ராயகிரி வேலை முடிந்திருந்தது. மேசையைச் சுற்றி வந்தார், மூலைமட்டம் வைத்தார், அடியில் குனிந்தார். அவர் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியதை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். பிறகு நான்காவது காலின் உள்பக்கத்தில் கட்டைவிரலை வைத்தார். அங்கே, உளி பட்ட துளையோரத்தில், மிளகளவு ஒரு கணு வெளிப்பட்டிருந்தது.

"கணு எங்கிட்டு சாஞ்சிருக்கு?"

நீ குனிந்து பார்த்தாய். கிளை எப்போதும் மேல்நோக்கித்தான் கிளம்பும், அதனால் கணு சாய்ந்திருக்கிற பக்கம்தான் நுனி. இது எனக்குப் பிறகு தெரிந்தது. உனக்கு அப்போதே தெரியும். அந்தக் கணு தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

"கோடு போட்டுத்தான வச்சிருந்தேன்?"

நான் வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய், நன்றாக, குதிகாலால். "நான் பாக்கலப்பா" என்றாய்.

"பாக்காத கை உளியத் தொடக்கூடாது" என்றார் மாமா. சத்தம் போடவில்லை. "வெளிய போ."

தெருவில் வைத்து உன்னிடம் எவ்வளவு சண்டை போட்டேன்! இப்போதே போய்ச் சொல்கிறேன் என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நீ சொன்னா, ரெண்டு சின்னப் புள்ளைக வெளாண்டு கெடுத்துட்டாளுவன்னு ஆயிரும். பட்டறையில எது நடந்தாலும் பட்டறைக்காரிதான் பதில் சொல்லணும். கணுவப் பாக்காதது நாந்தான?" என்றாய். இது என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பட்டறையை விட்டுத் துரத்தப்பட்டவள், பட்டறைக்காரியாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். "அப்பாவுக்குக் கோவம் நாலு நாள்ல ஆறிரும், வேற கால் செஞ்சு மாட்டிருவேன். நீ போய்ப் படி" என்றாய். நான் போய்ப் படித்தேன்.

பரீட்சை முடிந்து நான் வந்தபோது உனக்குக் கண் மஞ்சளாக இருந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறோம், சரியாகிவிடும் என்றாள் அத்தை. பிறகு பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வந்த விதத்தை நான் எழுதப் போவதில்லை.

இன்று பள்ளி விட்டதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. உங்கள் வீட்டுக்குப் போனேன். ஏழு மாதத்தில் முதல் தடவை. மாமா பட்டறையில் தனியாக ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். மேசை அங்கேயே, மூலையில், சாக்குப் போட்டு மூடி இருந்தது.

"வா மக்கா" என்றார். சாக்கை எடுத்துவிட்டுப் பலகையைத் துடைத்தார். "ஒனக்குன்னுதான் செஞ்சா. எடுத்துட்டுப் போயேன். கழுந்து இறங்குன பொருத்தெல்லாம் பாரு, ஒரு மயிரிழை போவாது. அந்த ஒரு காலு மட்டும்தான் தப்பு. அத மட்டும் பாத்திருந்தாள்னா..."

அந்த வார்த்தைதான் என்னால் தாங்க முடியவில்லை. நீ இல்லாமல் போன பிறகும் அந்தத் தப்பு உன் பேரில் நின்றுகொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். உப்புத்தாள், ஞாபகம் இருக்கிறது என்று நான் சொன்னது, செய்த சத்தியம், நீ என் காலை மிதித்தது.

அவர் என்னைத் தேற்றுவார் என்று நினைத்திருந்தேன்போல. பெரியவர்கள் அப்படித்தானே செய்வார்கள். அவர் தேற்றவில்லை.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா!" என்று கத்தினார். விசைத்தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அத்தை உள்ளிருந்து ஓடி வந்தாள். "அன்னைக்கே சொல்லிருக்கலாம்லாட்டி! ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் பதினேழு நாள் அவள நான் உள்ள விடலியே! தெனமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வாசப்படியில நிப்பா. 'அப்பா, உள்ள வரட்டா'ம்பா. 'போட்டி'ம்பேன். ஒடம்பு சொகமில்லாதப்பவும் வந்து நின்னாளே!"

அத்தை அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். நான் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் தந்திருக்க மாட்டார். அதில் எனக்குக் குறை இல்லை.

நீ வாசற்படியில் நின்றதை என்னிடம் சொல்லவே இல்லை. கோபம் நாலு நாளில் ஆறும் என்றாய். பதினேழு நாள். பள்ளி விட்டு விளக்கு வைக்கும்வரை தினம் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் முப்பத்து நான்கு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுவதும் என்று வைத்தால் இன்னும் கூடும். இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு ஜன்னல் சட்டம் இழைக்க உனக்கு எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே விட்டிருந்தால் ஒரு ஜன்னலாவது முடித்திருப்பாய். உன் வேகத்துக்கு ஒன்றுதான். ஆனால் அது ஏதோ ஒரு வீட்டில், ஆடாமல், இன்று சாயங்காலம் திறந்திருக்கும்.