காஸி நிறுத்திய வண்டி வரிசை

டெட்ராய்ட்
மார்ச் 1984

துணைத் தலைவர் திரு. வெண்டல் ஹார்க்னஸ் அவர்களுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பதின்மூன்று வருடம் பொறுத்த எனக்கு, போன வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டபின் பொறுக்க முடியவில்லை.

நம் கார் ஆலையில் ஒவ்வொரு தொழிலாளியின் தலைக்கு மேலும் ஒரு கயிறு கட்டியிருக்கிறீர்கள். பழுதைக் கண்டால் யாரும் கயிற்றை இழுத்து, வண்டிகள் நகரும் வரிசையை நிறுத்தலாம் என்றீர்கள். ஜப்பானுக்குப் போய்க் கற்று வந்த பாடமாம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் காசிமிர் வ்ரோனாவை நினைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு மறந்திருக்கும். ஸ்டீயரிங் பொருத்தும் இடத்தில் நின்ற போலந்துக்காரர். எல்லோருக்கும் காஸி. 1971 குளிர்காலத்தில் வந்த ஒரு பெட்டி போல்ட்டில் திருகு மரை சரியில்லை. முறுக்க முறுக்கச் சும்மா சுற்றியது. மேற்பார்வையாளர் டோனலி, "சாக்பீஸால கோடு போட்டு அனுப்புப்பா, பின்னாடி முற்றத்துல பாத்துக்குவாங்க" என்றார். அதுதான் நம் வழக்கம். எது கெட்டாலும் வரிசை நிற்கக் கூடாது. முற்றத்திலோ கோடு போட்ட வண்டிகள் பனியில் புதைந்து கிடந்தன. பாதி வண்டிகளின் கோட்டை அழித்து அப்படியே விற்பனைக்கு அனுப்பினோம் என்பது உங்களுக்கும் தெரியும்.

"இதுல எவனோ பிள்ளைகுட்டியோட போவான், டோனலி" என்றார் காஸி. மேற்பார்வையாளர் மட்டுமே தொடலாம் என்றிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார்.

நீங்கள் மாடியிலிருந்து ஓடி வந்து, "எவன்டா என் லைனை நிறுத்தினது?" என்று கத்தினீர்கள். காஸி கையைத் துடைத்துக்கொண்டே, "லைன் உங்களோடதுதான் சார். போல்ட்டும் உங்களோடதுதான், கொஞ்சம் பாருங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் உங்களால் மன்னிக்க முடியவில்லை. நாசவேலை என்று பதிந்து அன்றே வெளியேற்றினீர்கள். இரண்டு காவலர்கள் அவர் தோளைப் பிடித்து வரிசை நெடுகிலும் இழுத்துப் போனார்கள். தொழிற்சங்கம் வாதாடித் தோற்றது. மறு வாரம் அந்தப் போல்ட் பெட்டிகளைச் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பினீர்கள். காஸியைத் திரும்ப அழைக்க உங்களுக்குத் தோன்றவில்லை.

அவர் இப்போது ஹாம்ட்ராம்க்கில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் துருப்பிடித்த புகைக்குழாய் மாற்றிக்கொண்டிருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. போன மாதம் நம் புதிய வரிசைக்கு வேலை கேட்டு எழுதினார். பணியாளர் பிரிவினர் பழைய பதிவைப் பார்த்துவிட்டு, முடியாது என்று சொல்லப் போகிறார்கள். கடைசிக் கையெழுத்து உங்களுடையது. இன்னும் போடவில்லை என்று கேள்வி.

உங்கள் கயிற்றை இதுவரை ஒருவரும் இழுக்கவில்லை. அது உங்களுக்குப் புரியாத புதிராம். அறிவுரை சொல்ல ஆட்களைச் சம்பளம் கொடுத்து வரவழைத்திருக்கிறீர்களாம். கீழே இறங்கி வந்து கேட்டிருந்தால் இலவசமாகவே சொல்லியிருப்பார்கள். கதவு மாட்டும் மாவிஸ் என்னிடம், "நான் கயித்த இழுப்பேன், அப்புறம் என்னைய இழுத்துட்டுப் போவாங்க. காஸியப் பாத்தவ நான்" என்றாள். நேற்றும் கோணல் கதவுகளை ரப்பர் சுத்தியலால் தட்டி உட்காரவைத்துத்தான் அனுப்பினார்கள்.

காஸியை வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஸ்டீயரிங் இடத்தில், எல்லோர் கண்ணெதிரிலும் நிறுத்துங்கள். நாசவேலை என்ற சொல்லை அடித்துவிடுங்கள். பாராட்டு, பதக்கம், ஜப்பான் எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று உங்கள் அறையில் அவரை நீக்க வேண்டாம் என்று சொன்னவர்கள் சிலர் உண்டு. அதற்குப் பிறகு எங்களில் யாருக்கும் பதவி உயரவில்லை. எனக்கு உங்கள் மேல் பகை இருக்கிறது. இல்லை என்று சொல்லமாட்டேன். இந்தக் கடிதத்தின் கீழே என் பெயரை எழுத வேண்டும், நீங்கள் அதைப் படித்து முகம் சுளிக்க வேண்டும் என்று இத்தனை வருடம் ஆசைப்பட்டவன் நான். ஆனால் பெயரைப் பார்த்ததும் இதை என் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிடுவீர்கள். அத்தோடு காஸியின் விண்ணப்பமும் குப்பைக்குப் போகும்.

ஆகவே கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.